செவ்வாய்க்கிழமை உடுக்கை

சீதாலெட்சுமிக்கு என்னென்ன பிடிக்கும் என்று கேட்டு நான்கு பக்கப் படிவம் ஒன்றை மாதவி கொடுத்திருந்தாள். பிடித்த மணம், பிடித்த ருசி, பிடித்த பாட்டு, கையில் வைத்துக்கொள்ளப் பிடித்த பொருள், பார்த்த வேலை, வழிபாடு என்று வரிசையாகக் கட்டங்கள். பெற்ற தாயைப் பற்றி எழுத மகளுக்கு அரை மணி நேரம் போதாதா என்று நினைத்துத்தான் அமுதவள்ளி பேனாவை எடுத்தாள். மூன்று நாள் பிடித்தது. அம்மாவுக்கு என்னென்ன பிடிக்காது என்று கேட்டிருந்தால் இன்னும் பத்துத் தாள் கேட்டு வாங்கி எழுதியிருப்பாள். பிடித்தது என்று யோசித்தால் மல்லிகை, காப்பி, தலைவலித் தைலம் என்று ஊரில் எல்லா அம்மாக்களுக்கும் பிடிப்பதுதான் நினைவுக்கு வந்தது. அதையே எழுதிக் கொடுத்தாள்.

சீதாலெட்சுமி இருந்தது கிள்ளான் நகரில், காப்பார் சாலையை ஒட்டி, ஒரு மூலை வீட்டை இழுத்துப் பெரிதாக்கிக் கட்டிய முதியோர் இல்லத்தில். பன்னிரண்டு கட்டில். ஒன்பதாவது கட்டிலில் அவள் மூன்று வருடமாக இருக்கிறாள். முதலில் பெயர்கள் போயின. பிறகு நேரம் காலம் போனது, நடை போனது, கடைசியாகப் பேச்சும் போனது. அவள் வாயிலிருந்து ஒரு சொல் வந்து பதினான்கு மாதம் ஆகிவிட்டது. கண் திறந்துதான் இருக்கும். பார்க்கிறாளா என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது.

மாதவி பெட்டாலிங் ஜெயாவிலிருந்து செவ்வாய்தோறும் வருகிறவள். முப்பது வயதுகூட ஆகவில்லை. மறதி நோய் முற்றியவர்களின் புலன்களைத் தூண்டிப் பார்க்கும் சிகிச்சையைப் படித்துவிட்டு வந்திருக்கிறாள். ஒரு தள்ளுவண்டி வைத்திருப்பாள். சின்னச் சின்னப் புட்டிகளில் கிராம்பு, பாண்டான் இலை, பழைய சோப்புத் துண்டு, மழையில் நனைந்த மண். கீழ்த்தட்டில் வெல்வெட்டு, சாக்கு, பட்டு என்று துணித் துண்டுகள். ஒரு நேரத்தில் ஒன்றுதான் கொடுப்பாள். மூக்கருகே புட்டியைப் பிடித்துக்கொண்டு மனதுக்குள் இருபது எண்ணுவாள். இமையோ விரலோ மூச்சோ எது அசைந்தாலும் அட்டவணையில் குறித்துக்கொள்வாள்.

“ஞாபகம் போயிடுச்சுன்னா எல்லாமே போயிடுச்சுன்னு அர்த்தம் இல்லக்கா. மூக்கு இருக்கு, தோல் இருக்கு, காது இருக்கு. எங்கேயாவது ஒரு டோர் லேசா திறந்திருக்கும் லா. நாமதான் தட்டிப் பார்க்கணும்.”

தட்டித் தட்டிக் கை ஓய்ந்ததுதான் மிச்சம். ஆறு வாரமாக மல்லிகைக்கும் பூஜ்யம், காப்பிக்கும் பூஜ்யம், பட்டுக்கும் பூஜ்யம். அட்டவணையைப் பார்த்தால் பரீட்சையில் தோற்ற பிள்ளையின் ரிப்போர்ட் கார்டு மாதிரி இருந்தது.

போர்ட் கிள்ளானில் ஒரு கப்பல் சரக்கு ஆபீஸில் அமுதவள்ளிக்கு வேலை. செவ்வாய்தோறும் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து நிற்பாள். “தங்கமான மகள்” என்று மிஸிகள், இல்லத்துத் தாதிகள், சொல்லும்போதெல்லாம் அவளுக்கு எரிச்சல் வரும். பாசம் இல்லாமல் இல்லை. ஆனால் அவள் வந்தது பாசத்துக்காக மட்டும் அல்ல. அம்மாவிடம் கேட்க அவளிடம் ஒரு கேள்வி இருந்தது. இருபத்தெட்டு வருடமாகக் கேட்காமல் வைத்திருந்த கேள்வி. அம்மா செத்துப்போவதற்குள், ஒரே ஒரு முறை அவள் வாய் திறந்தால், அதைக் கேட்டுவிட வேண்டும் என்பதுதான் அவள் வேண்டுதல் எல்லாம்.

அந்தக் காலத்தில் அவர்கள் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவாட்டர்ஸில் குடியிருந்தார்கள். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. குவாட்டர்ஸின் பின்பக்கம் தண்டவாளத்தை ஒட்டி, தகரக் கூரை போட்ட சின்ன அங்காளம்மன் கோயில் இருந்தது. செவ்வாயும் வெள்ளியும் அங்கே சீதாலெட்சுமிக்கு அருள் வரும். உடுக்கைச் சத்தம் எழும்பியதும் தலை ஆடும், கூந்தல் அவிழும், குரல் மாறும். செந்தூல், செலாயாங் என்று எங்கெங்கிருந்தோ வாக்குக் கேட்க ஆட்கள் வருவார்கள். வீட்டில் ஒரு வாளித் தண்ணீர் தூக்கினாலே இடுப்பைப் பிடித்துக்கொள்ளும் அம்மா, அங்கே ஒன்றரை மணி நேரம் நின்று ஆடுவாள்.

சுகுமாறன் ரயில்வே சிக்னல் பிரிவில் இருந்தான். குடி இல்லை, சிகரெட் இல்லை, அமுதவள்ளியைப் பார்த்தால் பேச்சு திக்கும். அவன் அப்பா தோட்டத்தில் சாவுக்குப் பறை அடித்தவர் என்பது ஒன்றுதான் சீதாலெட்சுமி கண்டுபிடித்த குறை. அந்தக் குறைக்காக மூன்று மாதம் அழுதாள், பட்டினி கிடந்தாள், உறவுக்காரர்களைக் கூட்டிவந்து பேச வைத்தாள். அப்பா மசியவில்லை. பையன் நல்லவன், முடித்துவிடுவோம் என்று வெற்றிலை பாக்கு மாற்ற நாளும் குறித்துவிட்டார். அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை, நாற்பது பேர் கூடியிருக்க, அம்மன் அமுதவள்ளியின் தலைமயிரைப் பிடித்து இழுத்து நடுவில் நிறுத்தினாள்.

“அவன் தாலி உன் கழுத்துல ஏறுனா, இந்த வூட்டு ஆம்பளப் புள்ளைய நான் எடுத்துக்குவேன்.”

வீட்டு ஆண்பிள்ளை என்றால் தம்பி யுவராஜ். அப்போது பதினேழு வயது. அதற்குமேல் யார் வாயைத் திறப்பார்கள்? அப்பா மறுநாளே சுகுமாறன் வீட்டுக்குப் போய்க் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தார். யுவராஜ் இப்போது மெல்பர்னில் கொழுகொழுவென்று இருக்கிறான். அம்மாவைப் பார்க்க வந்து நான்கு வருடம் ஆகிறது. தீபாவளிக்குத் தவறாமல் வாட்ஸ்அப்பில் கும்பிடுகிற கை அனுப்புவான். சுகுமாறன் செமினியில் பேரன் பேத்தியோடு இருப்பதாகக் கேள்வி. அமுதவள்ளிக்குப் பிறகு வந்த வரன் ஒன்றும் அமையவில்லை. அவள் அமைய விடவில்லை என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும்.

அன்றைக்குப் பேசியது அம்மனா, அம்மாவா? அவள் கேட்க விரும்பியது அவ்வளவுதான். அம்மன் என்றால் சாமி செயல் என்று மூடி வைத்துவிடலாம். அம்மா என்றால் ஒரேயடியாக வெறுத்துத் தொலைக்கலாம். இரண்டில் எதுவானாலும் தாங்கிக்கொள்வாள். இரண்டில் எது என்று தெரியாமல் ஒருத்திக்குக் கஞ்சி ஊட்டி, கால் கழுவி, டயப்பர் மாற்றிக்கொண்டிருப்பதுதான் அவளைத் தின்றது. ஒவ்வொரு வருடமும் கேட்கத்தான் நினைத்தாள். அப்பா காலமான வருடம் மனசு வரவில்லை. அடுத்த வருடம் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். கடைசியில் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு ஒருநாள் காப்பியோடு எதிரில் போய் உட்கார்ந்தாள். அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “நீ யாரு வூட்டுப் புள்ள?” என்று கேட்டாள்.

படிவத்தில் வழிபாடு என்ற கட்டத்தில் ‘வெள்ளிக்கிழமை விளக்கு’ என்று மட்டும்தான் எழுதியிருந்தாள். உடுக்கையை எழுதக் கை வரவில்லை.

ஏழாவது வாரம் மாதவி தள்ளுவண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அருகில் வந்து உட்கார்ந்தாள்.

“பிடிச்சது எதுவும் வேணாக்கா. அவங்க உடம்பு திரும்பத் திரும்பச் செஞ்சது ஏதாச்சும் இருக்கா? வருஷக்கணக்கா செஞ்சது?”

 அமுதவள்ளி அருள் வந்த கதையைச் சொன்னாள். கல்யாணக் கதையைச் சொல்லவில்லை. மாதவி இரண்டு கையையும் தட்டிக்கொண்டு எழுந்தேவிட்டாள்.

“என்னக்கா நீங்க! இதைப் போய் விட்டுட்டீங்களே. ரெக்கார்டிங் வேணாம், லைவா யாராவது அடிப்பாங்களா?”

உடுக்கை அடித்த அய்யாவு உயிரோடுதான் இருந்தார். சனிக்கிழமை அமுதவள்ளி பிரிக்பீல்ட்ஸுக்குப் போய்த் தேடினாள். கோயில் இருந்த இடத்தில் இப்போது ஏதோ ஒரு கட்டடத்தின் கார் நிறுத்துமிடம். அய்யாவு ஒரு பூக்கடையில் ஸ்டூல் போட்டு மாலை கட்டிக்கொண்டிருந்தார். எழுபத்தாறு வயது. “சீதாலெட்சுமி அக்கா மகளா?” என்று கேட்டவர் வேறு எதுவும் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் துணிப்பையில் உடுக்கையைப் போட்டுக்கொண்டு ஸ்டேஷனில் வந்து நின்றார்.

கிள்ளானுக்குப் போகும் கோமுட்டர் ரயிலில் ஏசி குளிருக்குத் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவரிடம் அமுதவள்ளி மெதுவாகக் கேட்டாள்.

“அண்ணே, உங்களுக்கு எல்லாம் தெரியும். அன்னைக்கு என் விஷயத்துல வந்தது... நிஜமாவே சாமிதானா?”

அய்யாவு அவளைப் பார்க்காமல் சொன்னார். “நான் அடிக்கிறவன்மா. யாரு வர்றாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? நல்லா ஆடுனாங்க. அது தெரியும்.”

முதல் நாள் அவர் கட்டிலுக்கு நான்கடி தள்ளி நின்று அடித்தார். இடது கை உடுக்கையின் இடுப்புக் கயிற்றை அமுக்கியது. வலது கை விரல்கள் தோலில் விழுந்தன. ஒலி விம்மியது, தாழ்ந்தது, மறுபடி விம்மியது. மாதவி சீதாலெட்சுமியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்திருந்தாள். இரண்டு நிமிடம் ஒன்றுமில்லை. மூன்றாவது நிமிடம் இடது காலின் பெருவிரல் அசைந்தது. பிறகு தோள் லேசாகச் சுற்றியது. மூச்சு ‘உஸ்’ என்று இழுத்து வாங்கியது. மாதக்கணக்காகத் தலையணையில் புதைந்து கிடந்த தலை எழும்பி, மெல்ல, பிறகு வேகமாக ஆடத் தொடங்கியது.

“யாருடா என்னைக் கூப்பிட்டது?”

பதினான்கு மாதத்துக்குப் பிறகு வந்த குரல். கரகரப்பு இருந்தாலும் அதே குரல்தான். அமுதவள்ளி பின்னால் நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள். ஐம்பத்து நான்கு வயதுக்காரி தன் கொண்டையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். மாதவியின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அவள் அழுதுகொண்டே அட்டவணையில் எழுதினாள்.

பத்தாவது கட்டில்காரரின் மகன் தம்புசாமி அந்த நேரம் பார்த்துத்தான் தன் அப்பாவுக்கு முகம் துடைத்துக்கொண்டிருந்தார். லோரி கம்பெனி நடத்துகிற ஆள். சத்தம் கேட்டுத் திரைச்சீலையை விலக்கிப் பார்த்தார். அடுத்த கணம் செருப்பைக் கழற்றிவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கட்டிலருகே விழுந்தார்.

“ஆத்தா! என் மகளுக்கு வயித்துல தங்க மாட்டேங்குது ஆத்தா. நாலு தடவை ஆயிடுச்சு.”

“தங்கும்டா மகனே. மூணு அமாவாசை பொறு. நான் இருக்கேன்.”

“அங்கிள், எழுந்திருங்க! இது தெரப்பி லா! ஆன்டிக்கு நீங்க யாருன்னே தெரியாது.”

“அது ஆன்டி இல்லம்மா,” என்றார் தம்புசாமி. தரையிலிருந்து தலையை எடுக்கவே இல்லை.

அமுதவள்ளி தன் கேள்வியைக் கேட்காமலே அன்றைய நேரம் முடிந்தது. அய்யாவு நிறுத்தியதும் சீதாலெட்சுமி துணி போலச் சரிந்தாள். மாதவி அவள் முகத்தைத் துடைத்து, போர்த்திவிட்டு, வெளியே வந்து அமுதவள்ளியைக் கட்டிக்கொண்டாள். இப்படி ஒரு மாற்றத்தைத் தான் பார்த்ததே இல்லை என்றாள். அடுத்த செவ்வாய் கட்டாயம் கேட்டுவிட வேண்டும் என்று அமுதவள்ளி முடிவு செய்தாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை இல்லத்தின் வாசலில் இருபது ஜோடிச் செருப்பு கிடந்தது. தம்புசாமி ஊரெல்லாம் சொல்லிவிட்டிருந்தார். எலுமிச்சம்பழமும் வேப்பிலையுமாக ஆட்கள் வரிசையில் நின்றார்கள். இல்லத்தை நடத்துகிறவரே கேட்டைத் திறந்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். ஒரு மிஸி, யார் சொல்லியோ, சீதாலெட்சுமிக்குச் சிவப்புச் சேலையைச் சுற்றி நெற்றியில் வட்டமாகக் குங்குமம் வைத்திருந்தாள். மாதவி தொண்டை கிழியக் கத்திப் பார்த்தாள். இவர் நோயாளி, இது நோயாளியின் மூளை செய்வது, இதைச் சாமி என்று கும்பிடுவது பாவம் என்று தமிழ், மலாய், இங்கிலீஷ் மூன்றிலும் சொன்னாள். கேட்பார் இல்லை. இவர்களுக்கு இது புதிது அல்ல. உடுக்கை கேட்டது, தலை ஆடியது, குரல் மாறியது. அதற்குமேல் சாமிக்கு வேறென்ன அடையாளம் கேட்பார்கள்?

சீதாலெட்சுமி எல்லாருக்கும் வாக்குச் சொன்னாள். வேலை கிடைக்கும். புருஷன் திரும்பி வருவான். கட்டி கரைந்துவிடும். வாய் நிறைய நல்ல வார்த்தை. ஒருவரையும் மிரட்டவில்லை, ஒருவர் பிள்ளையையும் எடுத்துக்கொள்வேன் என்று சொல்லவில்லை. அமுதவள்ளி வரிசையின் கடைசியில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.  எனக்கு மட்டும் ஏன் அப்படி என்று வாய்விட்டுக் கத்த வேண்டும் போல் இருந்தது. அவள் முறை வருவதற்குள் சீதாலெட்சுமியின் மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. மாதவி அய்யாவுவின் கையைப் பிடித்து உடுக்கையை நிறுத்தினாள்.

அதன் பிறகு இரண்டு நாள் சீதாலெட்சுமி கண்ணே திறக்கவில்லை. கஞ்சி இறங்கவில்லை. ரத்த அழுத்தம் ஏறி ஏறி இறங்கியது. எடை பார்த்தபோது முப்பத்து நான்கு கிலோ இருந்தது. மூன்று வாரத்துக்கு முன்பு முப்பத்தேழு. மாதவி அந்தத் தாளை அமுதவள்ளியிடம் கொடுத்துவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

“என் தப்புக்கா. இந்தத் தெரப்பில முதல் ரூலே அதுதான். தாங்குற அளவுக்குத்தான் தூண்டணும். சத்தம் கேட்ட சந்தோஷத்துல நான் உடம்பைப் பார்க்கல. இதோட விட்டுடுவோம்.”

“ஒரே ஒரு தடவை.”

“அக்கா...”

“ஒரே ஒரு தடவை மாதவி. யாரும் வேணாம். கதவைச் சாத்திக்கலாம். அம்மா குரலை இன்னொரு தடவை கேட்டுக்கிறேன், அப்புறம் கேக்கவே மாட்டேன்.”

பொய்தான். அம்மாவின் உடம்பு தாங்காது என்று தெரிந்தேதான் கேட்டாள். முப்பத்து நான்கு கிலோவில் இன்னும் எத்தனை போகும் என்று மனதுக்குள் ஒரு கணக்குக்கூட ஓடியது. தன்னைப் பற்றி அவளுக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் மாதவியின் கையை விடவில்லை. மாதவி இளகிய மனசுக்காரி. பெற்ற தாயின் குரலை ஒரு மகள் கேட்கிறாள் என்று நினைத்தாள். பத்து நிமிடம், அதற்குமேல் ஒரு நொடி கிடையாது என்று ஒப்புக்கொண்டாள்.

இரண்டு வாரம் கழித்து, கஞ்சி ஓரளவு இறங்கத் தொடங்கிய பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகலில் பின்னறையில் கட்டிலைப் போட்டார்கள். சிவப்புச் சேலை இல்லை, குங்குமம் இல்லை. இல்லத்தில் கொடுக்கும் பூப்போட்ட நைட்டிதான். மாதவி ரத்த அழுத்தக் கருவியைக் கையில் கட்டிவிட்டு ஒரு பக்கம் நின்றாள். அய்யாவு கதவோரம் நின்றார். அமுதவள்ளி காலடியில் நின்றாள். அன்றைக்குச் சொன்னது யார், நீயா எங்கம்மாவா என்ற ஒரே வரியை வீட்டிலிருந்து வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தாள்.

இந்த முறை நேரம் எடுத்தது. ஐந்து நிமிடம் வரை விரல்கூட அசையவில்லை.  ஆறாவது நிமிடம் தோள் திரும்பியது. தலை முன்போல் ஆடவில்லை, இப்படியும் அப்படியுமாகச் சரிந்து சரிந்து நிமிர்ந்தது. கண் இரண்டும் நேராக அமுதவள்ளியின் மேல் வந்து நின்றன.

“என்னடி நிக்கிறே? எல்லாரும் கேட்டாங்க. நீ ஒண்ணுமே கேக்கலியே.”

பாடமாக்கி வைத்திருந்த வரி எங்கே போயிற்று என்று தெரியவில்லை.  அமுதவள்ளியின் கைகள் தாமாகக் குவிந்தன. தம்புசாமி விழுந்த மாதிரியே விழுந்தாள். அவள் வாயிலிருந்து வந்தது, இருபத்தாறு வயதில் யாரும் அவளைக் கேட்க விடாத கேள்வி.

“ஆத்தா... நான் சுகுமாறனைக் கட்டிக்கவா?”

எலும்பாகிப் போன கை ஒன்று அவள் உச்சந்தலையில் வந்து அமர்ந்தது. மயிரைப் பிடித்து இழுக்கவில்லை. தடவிக் கொடுத்தது.

“கட்டிக்கடி மகளே. தாராளமா கட்டிக்க. தங்கமான புள்ள. நான் உத்தரவு குடுத்துட்டேன்.” குரல் இறங்கி, ரகசியம் சொல்வது போல் வந்தது. “உன் அம்மாதான் ஒத்துக்க மாட்டேங்கிறா. பிடிவாதக்காரி. ஊரு என்ன சொல்லுமோன்னு பயப்படுறா. நீ அழுவாத. அவகிட்ட நான் பேசிக்கிறேன்.”

“எப்போ?” அமுதவள்ளி நிமிர்ந்தாள். “எப்போ பேசுவே? ஏன் அன்னைக்கே பேசல?”

“பேசிக்கிறேன்...”

“அங்கிள், போதும், பிரஷர் ஏறுது!” மாதவி கை காட்டினாள்.

“நிறுத்தாதீங்க! அண்ணே, நிறுத்தாதீங்க, அடிங்க!”

அய்யாவு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் விரல்கள் தோலிலேயே நின்றுவிட்டன. சீதாலெட்சுமியின் தலை ஒருபக்கமாகச் சாய்ந்தது. கண் திறந்தபடி மேலே விட்டத்தைப் பார்த்தது. அமுதவள்ளி எழுந்து, இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினாள். “யாரு பேசுனது இப்போ? சொல்லு! அன்னைக்கு யாரு?” உலுக்க உலுக்கத் தலை தலையணையில் மோதியது. மாதவி பின்னாலிருந்து அவள் இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்தாள். இழுத்து விலக்கியபோது நைட்டி விலகி, தோளில் நான்கு விரல் தடம் சிவப்பாகத் தெரிந்தது. அமுதவள்ளி அதைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

“அக்கா, யாருக்கா சுகுமாறன்?” மாதவி மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள்.

 மாதவிக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. கருவியைக் கழற்றி, நைட்டியை இழுத்துவிட்டு, இனி உடுக்கை இந்த வாசலுக்குள் வரக் கூடாது என்று மட்டும் அய்யாவுவிடம் சொன்னாள். அவர் தலையாட்டினார். உடுக்கையைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.   மாதவியும் டாக்டருக்கு போன் செய்ய வெளியே போனாள்.

அறையில் அவர்கள் இரண்டு பேர்தான். அமுதவள்ளி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கேட்டுவிட்டாள். பதிலும் வந்துவிட்டது. சாமி சம்மதித்திருக்கிறாள், தடுத்தது அம்மாதான். அப்படித்தானே சொன்னது? சொன்னது யார் வாய்? சாமி சொன்னதாக வைத்துக்கொண்டால், தன் பெயரை இன்னொருத்தி எடுத்துப் பொய் சொன்னதை இருபத்தெட்டு வருடம் சும்மா பார்த்துக்கொண்டிருந்த சாமி. அம்மா சொன்னதாக வைத்துக்கொண்டால், உள்ளே எங்கேயோ இவளைக் கட்டிக்கொடுக்க மனசு இருந்தும் கொடுக்காத அம்மா. இப்போது வெறுக்கலாம். அதற்காகத்தானே இத்தனை வருடம் காத்திருந்தாள்? வெறுக்கத்தான் அவள் அந்த முகத்தைப் பார்த்தாள். எலும்பு துருத்திய கன்னம், பல் இல்லாத வாய், கடைவாயில் எச்சில். பேசிக்கிறேன் என்று சொன்ன சாமிக்குக்கூட அங்கே பேசுவதற்கு ஆள் இல்லை. வெறுப்பதற்கு அவளுக்கு மட்டும் யார் இருக்கிறார்கள்?

அவள் அழுதாள். சத்தம் போட்டு, வெட்கம் இல்லாமல், இருபத்தாறு வயதில் அழ வேண்டியதையும் சேர்த்து அழுதாள். ஹாலிலிருந்து ஒரு மிஸி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, தங்கமான மகள் அழுகிறாள் என்று கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

அழுகை ஓய்ந்தபோது வெளியே மழை பிடித்திருந்தது. அமுதவள்ளி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். விரல் தடத்தின் மேல் தைலம் தடவினாள். பிறகு குனிந்து, அம்மாவின் காதருகே வாயை வைத்து, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டாள்.

“ஆத்தா உங்கிட்ட பேசினாளாம்மா? என்னம்மா சொன்னே?”

சீதாலெட்சுமியின் வாய் திறந்திருந்தது. மூச்சு வந்து போய்க்கொண்டிருந்தது. அமுதவள்ளி தன் காதை அந்த வாயருகே கொண்டுபோய் வைத்துக்கொண்டு அப்படியே குனிந்திருந்தாள். டாக்டர் வந்துவிட்டார், எழுந்திருங்கக்கா என்று மாதவி இரண்டு முறை கூப்பிட வேண்டியிருந்தது.